சித்திர பீரியடில் கணக்கு நடந்தால் யாருக்கு நஷ்டம்?

"அக்கா, எலிமென்டரி பரீட்சைக்கு ஃபார்ம் கொடுக்கப் போறாங்களாம். நான் எழுதட்டுமா?"

நாலு வீடு தள்ளி இருக்கும் பெண் ஒரு மழை நாளில் வந்து இப்படிக் கேட்டாள். தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சந்து எங்களுடையது. அவள் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் மீடியம், எட்டாம் வகுப்பு. தாராளமாக எழுது, உங்கள் டிராயிங் டீச்சர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"டிராயிங் டீச்சரே கிடையாதுக்கா. டைம்டேபிள்ல சித்திரம்னு எழுதியிருக்கும். அந்த பீரியட்ல கணக்கு நடத்துவாங்க."

மும்பைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தப் பரீட்சை பற்றிச் சொல்லிவிடுகிறேன். மகாராஷ்டிர அரசின் கலை இயக்ககம் பள்ளிப் பிள்ளைகளுக்காக இரண்டு ஓவியத் தேர்வுகள் நடத்துகிறது. முதலில் எலிமென்டரி, அதில் தேறிய பிறகு இன்டர்மீடியட். பொருளைப் பார்த்து வரைவது, நினைவிலிருந்து வரைவது, டிசைன், வடிவியலும் எழுத்து வரைவதும் என்று தாள்கள் இருக்கும்.

என் அலுவலகத் தோழி மாட்டுங்காவில் இருக்கிறாள். அவள் மகளும் அந்த வருடம் இதே பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அவள் படிக்கும் தனியார் பள்ளியில் ஓவியத்துக்கென்றே ஓர் அறை உண்டு. போதாததற்குச் சனிக்கிழமை தோறும் வெளியில் ஒரு வகுப்பு. இரண்டு பெண்களுக்கும் ஒரே வயது, ஒரே கேள்வித்தாள். ரயிலில் போனால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு ஸ்டேஷன் தூரம்கூடச் சரியாக இல்லை.

கல்வி பற்றிப் பேசுகிறவர்கள் 'அரசுப் பள்ளிகளில் தரமான கலைக் கல்விக்கு நியாயமான வாய்ப்பு' என்று ஒரு தொடர் சொல்வார்கள். கேட்கப் பெரிதாக இருக்கும். அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் இந்த இரண்டு பெண்களைப் பற்றியதுதான். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

கலைக் கல்வி என்று எதைச் சொல்கிறோம்?

நம் வீடுகளில் பள்ளி, கலை என்ற இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொன்னால் ஆண்டு விழா ஞாபகம் வரும். விழாவுக்குப் பதினைந்து நாள் முன்னால், நன்றாக ஆடக்கூடிய எட்டுப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து ஒத்திகை நடக்கும். மீதி முப்பது பேர் உட்கார்ந்து கை தட்டுவார்கள். அது கொண்டாட்டம், இருக்கட்டும், வேண்டும். ஆனால் பாடம் என்று சொல்ல வேண்டுமானால், வகுப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும், வாரா வாரம், போன வாரம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து நடக்க வேண்டும். கணக்கை எட்டுப் பேருக்கு மட்டும், வருடத்தில் பதினைந்து நாள் நடத்தினால் நாம் சும்மா இருப்போமா?

2005-ல் வந்த தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பு காட்சிக்கலை, இசை, நடனம், நாடகம் நான்கையும் பள்ளிப் படிப்பின் பகுதியாகவே வைத்தது. 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, பாடம் என்றும் பாடத்துக்கு வெளியே உள்ளது என்றும் கறாராகக் கோடு போடக் கூடாது என்றது. 2023-ல் பள்ளிகளுக்காக வந்த புதிய தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பு கலையைத் தனிப் பாடப்பகுதியாகவே எடுத்துக்கொண்டது. அடுத்த வருடம், மத்திய அரசின் பாடநூல்களைத் தயாரிக்கும் என்சிஇஆர்டி ஆறாம் வகுப்புக்குக் கலைக்கென்று ஒரு பாடநூலே வெளியிட்டது. எழுத்தில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. கலையைக் கற்பது ஒன்று. கலை வழியாக வேறு பாடத்தைக் கற்பது இன்னொன்று. பின்னதை 'கலை ஒருங்கிணைந்த கற்றல்' என்பார்கள். கோலத்தை வைத்துச் சமச்சீர் சொல்லிக் கொடுப்பது, வரலாற்றுப் பாடத்தை நாடகமாக நடிப்பது, இந்த மாதிரி. மிக நல்ல முறை. ஆனால் சில பள்ளிகளில், "நாங்கள்தான் எல்லாப் பாடத்திலும் கலையைச் சேர்த்துவிட்டோமே, தனி பீரியட் எதற்கு?" என்று கேட்கிறார்கள். அறிவியல் சார்ட்டில் இலைக்குப் பச்சை அடிப்பதால் ஓவியம் வந்துவிடாது. 2019-ல் சிபிஎஸ்இ இதைப் பற்றி உத்தரவு போட்டபோது இரண்டையும் சேர்த்தே கேட்டது: பாடங்களில் கலையும் வேண்டும், அது போக வாரத்துக்குக் குறைந்தது இரண்டு பீரியட் கலைக்கென்றே வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழித்துக்கொள்ள முடியாது.

நியாயம் என்ற சொல்

கல்யாணப் பந்தியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு ஒரு கரண்டி சோறு. பார்க்கச் சமமாக இருக்கும். அதில் ஒருவர் வீட்டில் டிபன் முடித்துவிட்டு வந்தவர், பக்கத்து இலைக்காரர் முந்தின நாள் இரவிலிருந்து சாப்பிடாதவர். நல்ல பரிமாறுகிறவர் முகத்தைப் பார்த்து, இரண்டாவது இலையில் இன்னொரு கரண்டி வைப்பார். நியாயமான வாய்ப்பு என்று சொல்வது அந்த இரண்டாவது கரண்டியை.

இதைச் சித்திர பீரியடுக்குப் பொருத்திப் பாருங்கள். மாட்டுங்காப் பெண்ணின் பள்ளியில் ஒரு மாதம் ஓவிய வகுப்பே நடக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவளுக்குச் சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது. வீட்டில் கலர் இருக்கிறது. அம்மா ஞாயிற்றுக்கிழமை மியூசியத்துக்குக் கூட்டிப் போவாள். அவளுக்குக் குறைவது கொஞ்சம்தான். எங்கள் சந்துப் பெண்ணுக்கு அந்த முப்பத்தைந்து நிமிடம்தான் மொத்தமும். அப்பா விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அம்மா அதற்கு முன்பே எழுந்து அவித்து முடித்திருப்பாள். வீடு ஒரே அறை. மாலையில் அந்த அறையில் மறுநாளுக்கு மாவு அரைபடும். காகிதத்தை விரிக்க இடம் தேடினால் மாடிப் படிதான். அவளுடைய சித்திர பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டால், அவள் வாழ்க்கையில் இருந்த ஒரே ஓவிய வகுப்பை எடுத்துக்கொண்டதாக அர்த்தம்.

பீரியடை எடுத்துக்கொள்ளும் டீச்சரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்குப் பாடம் முடிக்க வேண்டும், மேலிருந்து கேட்பார்கள், சித்திரம் நடத்த ஆளும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் வகுப்பில் கணக்கு நடத்துவது நல்லெண்ணம்தான். கோளாறு அவரிடம் இல்லை. ஆளே போடப்படாத ஒரு பீரியடை அட்டவணையில் எழுதி வைத்திருப்பதில் இருக்கிறது.

சட்டத்தில் ஒரு எண்

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் இணைப்பில் ஒரு பட்டியல் உண்டு. ஒரு பள்ளியில் குறைந்தபட்சம் என்னென்ன இருக்க வேண்டும், எத்தனை ஆசிரியர் வேண்டும் என்பதெல்லாம் அதில்தான். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியலும் கணக்கும், சமூக அறிவியல், மொழி ஆகியவற்றுக்கு ஆசிரியர் கட்டாயம். அதன்பின், சேர்ந்திருக்கும் பிள்ளைகள் 100-க்கு மேல் இருந்தால், ஒரு முழுநேரத் தலைமை ஆசிரியரும், கலை, உடற்கல்வி, தொழிற்கல்வி மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்களும் வேண்டும் என்கிறது.

இதை இரண்டு மூன்று தடவை படித்தேன். ஒன்று முதல் ஐந்து வரை உள்ள சின்னப் பிள்ளைகளுக்குக் கலைக்கென்று யாரையும் இந்தப் பட்டியல் சொல்லவில்லை. ஆறு முதல் எட்டு வரையிலும் பகுதிநேரம்தான், அதுவும் 100-ஐத் தாண்டினால்தான். எண்பது பிள்ளைகள் படிக்கும் பள்ளி அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றுவிடுகிறது.

மும்பைத் தமிழர்களான நமக்கு இந்த எண் சின்ன விஷயம் இல்லை. மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. பல மொழி பேசும் ஏழைகளுக்கு அவரவர் மொழியில் இலவசப் படிப்பு. எளிதில் கிடைக்காத விஷயம். ஆனால் தமிழ் மீடியத்தில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆங்கில மீடியத்துக்கு மாற்றுகிறார்கள், அல்லது குடும்பமே கல்யாண், டோம்பிவிலி பக்கம் போய்விடுகிறது. மூன்று வகுப்பையும் சேர்த்து 100 வராத பள்ளியில் சட்டத்தைக் காட்டிக் கலை ஆசிரியர் கேட்க முடியாது. எண்ணிக்கை குறைந்த மொழிக்காரர்களின் பிள்ளைகள் இப்படித்தான் யாரும் திட்டம் போடாமலே விடுபட்டுப் போகிறார்கள்.

இதற்கு ஒரு வழி எங்கள் ஊரிலேயே இருக்கிறது. மும்பையில் ஒரே மாநகராட்சிக் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் மராத்திப் பள்ளி, முதல் மாடியில் இந்தி, இரண்டாவது மாடியில் தமிழ் என்று தனித்தனிப் பள்ளிகள் நடப்பது சாதாரணம். நான் படித்த கட்டடமும் அப்படித்தான். மராத்திப் பள்ளிக்கு ஒரு டிராயிங் சார் இருந்தார். எங்கள் தலைமை ஆசிரியை அவரிடம் கேட்டு, வாரத்தில் ஒரு நாள் மாடி ஏறி வரச் செய்தார். சாருக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. எங்களுக்கு அப்போது தெரிந்த மராத்தி கடைக்குப் போகும் அளவுதான். வரலாறு நடத்த அவரால் முடிந்திருக்காது. ஓவியம் நடத்த முடிந்தது. ஒவ்வொரு பள்ளியையும் தனியாக எண்ணாமல் கட்டடத்தை மொத்தமாக எண்ணினால், எத்தனையோ இடங்களில் 100 சுலபமாகத் தாண்டிவிடும். ஒரு கட்டடத்துக்கு ஓர் ஓவிய ஆசிரியர், ஓர் இசை ஆசிரியர் என்று கேட்பது நடக்கக்கூடிய கோரிக்கை என்று நான் நம்புகிறேன்.

தரம் என்ற சொல்

அந்த சாரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கலர் பெட்டி வாங்கிக் கொடுப்பதற்கும் சொல்லிக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அவரால்தான் புரிந்தது.

முதல் நாள் மேஜை மேல் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்து வரையச் சொன்னார். நாங்கள் முப்பது பேரும் ஒரே மாதிரி வரைந்தோம். மேலே வாய்க்கு ஒரு நீள்வட்டம், இரண்டு பக்கமும் கோடு, அடியில் நேராக ஒரு கோடு. டம்ளர் தட்டையான மேஜையில்தானே உட்கார்ந்திருக்கிறது, அடி நேராகத்தான் இருக்கும் என்று எங்கள் எல்லாருக்கும் எண்ணம். சார் தப்பு என்று சொல்லவில்லை. கண்ணாடி டம்ளர் ஒன்றைக் கொண்டுவந்து, பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். தண்ணீரின் மட்டம் ஒரே கோடாகத் தெரிந்தது. அப்புறம் மெதுவாகக் கீழே இறக்கினார். கோடு திறந்துகொண்டு ஒல்லியான நீள்வட்டமாயிற்று. இன்னும் கீழே போகப் போக அகலமாகிக்கொண்டே வந்தது. டம்ளரின் அடியைப் பார்த்தால், அது வாயைவிட இன்னும் உருண்டையாக இருந்தது. "பக், நீட் பக்" என்றார். பார், நன்றாகப் பார். ஒவ்வொரு பெஞ்சாகப் போய் ஒவ்வொருவர் கண் முன்னாலும் அந்த டம்ளரை ஏற்றி இறக்கினார். அன்றைக்கு வகுப்பு முழுவதும் அது ஒன்றுதான் நடந்தது.

வீட்டுக்கு வந்து குடத்தைப் பார்த்தேன், இட்லிச் சட்டியைப் பார்த்தேன், தெருக்குழாய்க்கு வரிசையில் வைத்த பக்கெட்டுகளைப் பார்த்தேன். ஒன்றின் அடியும் நேர்க்கோடு இல்லை. பத்து வருடமாகக் கண் முன்னால் இருந்ததை அதுவரை நான் பார்க்கவே இல்லை. தெரிந்ததை வரைவதை நிறுத்திவிட்டுத் தெரிவதை வரையக் கற்பதுதான் ஓவியத்தின் முதல் பாடம். அந்தப் பாடத்தை எந்தக் கலர் பெட்டியும் நடத்தாது.

தரம் என்பதில் பெரும்பங்கு ஆள்தான். வாரத்துக்கு ஒரு தடவையாவது மாறாமல் வரும் ஆள், கலையைத் தானே பயின்ற ஆள், பிள்ளைகளை 'வரும்', 'வராது' என்று பிரிக்காத ஆள். 'சித்திரமும் கைப்பழக்கம்' என்று நம் பாட்டிமார்கள் சொல்லிக் கேட்டிருப்போம். பேச்சில் வைத்துக்கொண்டிருக்கிறோமே தவிர, நம்புவதில்லை. ஒரு பிள்ளை நன்றாக வரைந்தால் பிறவியிலேயே வந்தது என்கிறோம், இன்னொன்றுக்கு வரவில்லை என்றால் விதி என்று விட்டுவிடுகிறோம். பழக்கம் என்று அந்தச் சொலவடை அவ்வளவு தெளிவாகச் சொல்கிறது. பழக நேரம் வேண்டும், பொருள் வேண்டும், பக்கத்தில் நின்று பார்க்க ஆள் வேண்டும்.

பொருளும் லேசான விஷயம் இல்லை. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பை, சீருடை, செருப்பு, நோட்டு என்று 27 பொருட்கள் இலவசமாகக் கொடுக்கும் திட்டம் பல வருடமாக இருக்கிறது. எத்தனையோ குடும்பங்களின் பாரத்தை அது குறைத்திருக்கிறது. ஆனால் பை ஒரு வருடம் உழைக்கும், போஸ்டர் கலர் இரண்டு மாதத்தில் காய்ந்தோ தீர்ந்தோ போகும். எங்கள் சந்துப் பெண்ணுக்காக கிராஃபர்ட் மார்க்கெட் பக்கம் போய், பலகை, கிளிப், 4பி, 6பி பென்சில், இரண்டு பிரஷ், கலர், தாள் எல்லாம் வாங்கினேன். 700 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. தாள் மூன்றே வாரத்தில் தீர்ந்துவிட்டது.

ஏணியின் முதல் படி

இவ்வளவு எதற்கு, ஓவியம் வராவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு மும்பையில் நேரான ஒரு பதில் உண்டு. இன்டர்மீடியட் தேர்வில் ஏ கிரேடு வாங்கினால் பத்தாம் வகுப்பில் 7 மதிப்பெண் கூடுதலாகக் கிடைக்கும். பி என்றால் 5, சி என்றால் 3. சாஸ்திரிய இசை, நடனம், நாட்டுப்புறக் கலை ஆகியவற்றுக்கும் சான்றிதழ் காட்டிக் கூடுதல் மதிப்பெண் பெற வழி இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் நல்ல காலேஜுக்கு அரை மார்க்கில் இடம் தவறும் ஊர் இது. ஓவிய ஆசிரியர் இருக்கும் பள்ளிப் பிள்ளை அந்த 7-ஐ வாங்குகிறது. ஆசிரியர் இல்லாத பள்ளிப் பிள்ளைக்கு அந்த வாசலே தெரியாது. அரசே கொடுக்கும் மதிப்பெண்ணுக்கான பயிற்சி, அரசுப் பள்ளியிலேயே இல்லை என்பது எனக்கு ஆறவே இல்லை.

மதிப்பெண்ணோடு முடிவதில்லை. சிஎஸ்டி ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் ஐந்து நிமிடத்தில் சர் ஜேஜே ஓவியக் கல்லூரி. ஜம்செட்ஜி ஜீஜீபாய் என்ற பார்சி வணிகரின் நன்கொடையில் 1857-ல் தொடங்கியது. எங்கள் பக்கத்து ஸ்டேஷனான சயனிலிருந்து நேர் ரயில். ஆனால் மாநிலத்தின் ஓவியக் கல்லூரிகளுக்கு நடக்கும் நுழைவுத் தேர்வில் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள்: பொருளைப் பார்த்து வரைதல், நினைவிலிருந்து வரைதல், டிசைன். எலிமென்டரியில் கேட்பதன் பெரிய வடிவம்தான். எட்டாம் வகுப்பில் டம்ளரின் அடி வளைவதைப் பார்க்காத பிள்ளைக்குப் பதினெட்டு வயதில் அந்த வாசல் திறப்பது கடினம். அனிமேஷன், டெக்ஸ்டைல் டிசைன், விளம்பரம், சினிமா செட் என்று இந்த ஊரில் ஓவியத்தை வைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஏராளம். அவர்களில் நம் சந்துகளிலிருந்து போனவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தால் மனசு கனக்கிறது.

திறமையுள்ள பிள்ளைகளுக்குத் தனி ஏற்பாடுகள் உண்டு. மத்திய அரசு 2015 முதல் கலா உத்சவ் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி நடத்துகிறது. மத்திய அரசின் கலாசார வள, பயிற்சி மையம் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குக் கலை உதவித்தொகை கொடுக்கிறது. டெல்லியில் மாநில அரசு 2021-ல் ஒன்பதாம் வகுப்பு முதல் நிகழ்த்துகலை, காட்சிக்கலைக்கென்றே சிறப்புப் பள்ளி தொடங்கியது. நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டியிருந்தது. எல்லாமே நல்லவைதான், இன்னும் பெருக வேண்டும். ஆனால் இவை ஏற்கெனவே மேலே தெரிய ஆரம்பித்த பிள்ளைகளை எடுத்துக்கொள்பவை. முதல் படி எல்லாப் பள்ளியிலும் இருந்தால்தான் மேல் படியில் நிற்பவர்களைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கும்.

கலை படித்தால் கணக்கு நன்றாக வரும், அறிவு வளரும் என்று சொல்லிப் பெற்றோரைச் சம்மதிக்க வைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. நான் அப்படிச் சொல்வதில்லை. வளர்ந்த நாடுகள் சேர்ந்து நடத்தும் ஓஇசிடி அமைப்பு 2013-ல் இது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வகுப்பில் நாடகம் போடும் பிள்ளைகளின் மொழித்திறன் கூடுவதற்கு நல்ல ஆதாரம் கிடைத்தது. ஓவியம் கணக்கை வளர்க்கும் என்பதற்கெல்லாம் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. அதனால் என்ன? கணக்கு எதற்கு, பாட்டு நன்றாக வருவதற்கா என்று யாரும் கேட்பதில்லையே.

யாருடைய கலை?

இந்தக் கேள்வியை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் அரைகுறைதான். பள்ளிக்குள் கலை வரும்போது, பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டு வருவது வெளியே நிறுத்தப்படுகிறதா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் சந்தில் வாசல் என்பது மூன்றடி. பக்கத்தில் சாக்கடை ஓடும், ஆள் நடந்துகொண்டே இருப்பார்கள். கோலப்பொடி நிற்காது. அதனால் பெண்கள் சாக்பீஸை நனைத்துக் கல்லில் கோலம் போடுகிறார்கள். நான் சொன்ன பெண் ஊடுபுள்ளி வைத்து, கையை எடுக்காமல் சிக்குக் கோலம் ஒன்றை அந்த மூன்றடிக்குள் போடுவாள். எங்கே திரும்பினால் கோடு மறுபடி தொடங்கிய இடத்துக்கு வரும் என்று அவள் விரலுக்குத் தெரியும். டிசைன் தாளுக்குப் பழகும்போது, "எனக்கு டிசைன் வராதுக்கா" என்றாள். வாசலைக் காட்டி, இது என்ன என்று கேட்டேன். "அது கோலம்" என்றாள். அது டிசைன் என்று அதுவரை அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு சதுரத்துக்குள் அதே கோலத்தைப் போடச் சொல்லி, கோட்டுக்கு நடுவில் உள்ள இடங்களை இரண்டு கலரால் நிரப்பச் சொன்னேன். ஒரு மணி நேரம் நிமிரவே இல்லை.

பறையின் கதை இன்னும் கஷ்டமானது. எங்கள் பகுதியில் ஒரு பெரியவர் பறை அடிப்பார். தோலை நெருப்பில் காய்ச்சிப் பதம் பார்த்து, ஒரு கையில் அடிக்குச்சி, ஒரு கையில் சுண்டுகுச்சி என்று அவர் தொடங்கினால் சந்தே நின்று கேட்கும். அவர் பேரன் பள்ளியில் அதை வெளியே சொல்ல மாட்டான். சாதிப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்வார்களோ என்ற பயம். அவன் கைக்குள் இருக்கும் தாளக்கணக்கு அவனுக்குக் கௌரவமாகத் தெரிய வேண்டிய இடம் பள்ளி; அங்கே அது மறைக்க வேண்டிய விஷயமாகிவிட்டது. அந்தப் பெரியவரை மாதம் ஒரு முறை, சம்பளம் கொடுத்து, ஆசிரியர் என்ற மரியாதையோடு வகுப்புக்கு அழைத்தால் அந்தப் பையனின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சாஸ்திரிய சங்கீதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையும் அவன் கற்கட்டும். ஆனால் அவனுடையதும் கலை என்ற வார்த்தைக்குள் வர வேண்டும்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள், மாலை ஒத்திகைக்கு நிற்க அனுமதி கிடைக்காத பெண் பிள்ளைகள் ஆகியோருக்கும் இதே பார்வை வேண்டும். வகுப்பு பள்ளி நேரத்துக்குள், அட்டவணையில் உள்ள பீரியடில் நடந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

எங்கே கேட்பது?

கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசு, மாநகராட்சிப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பு இந்தக் குழுவுக்குச் சட்டமே கொடுத்தது. நம்மில் பலர் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அங்கே கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. கலைக்கு எந்தக் கிழமை எந்த பீரியட்? போன மாதம் அது எத்தனை முறை நடந்தது? நடத்துவது யார்? கலர், தாளுக்கு என்று திட்டத்தில் பணம் எழுதியிருக்கிறதா? இதே கட்டடத்தில் வேறு மீடியத்தில் ஓவிய ஆசிரியர் இருக்கிறாரா, நம் பிள்ளைகளுக்கும் வர முடியுமா? பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடலாம். ஆனால் முதலில் நேரில், சண்டை இல்லாமல் கேட்பதே நல்லது. பெரும்பாலான தலைமை ஆசிரியர்கள் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருக்கிறார்கள். பெற்றோர் கேட்டதாக எழுத்தில் இருந்தால் அவர்களும் மேலே கேட்க முடியும்.

அந்தப் பெண் எலிமென்டரி எழுதிவிட்டாள். சி கிரேடு. நினைவிலிருந்து வரைவதில் கொஞ்சம் தடுமாறிவிட்டாள். இன்டர்மீடியட்டுக்கு ஒரு வருடம் இருக்கிறது. போன மாதம் அவள் அம்மா மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனாள். இரண்டு வருடமாக உறுப்பினர், இதுவரை வாய் திறந்ததில்லை. இந்தத் தடவை எழுந்து நின்று, "டீச்சர், சித்திர பீரியட் என்னைக்கு?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். தலைமை ஆசிரியை அட்டவணையைப் புரட்டிப் பார்த்து, வியாழக்கிழமை நான்காவது பீரியட் என்று சொல்லி, அதைக் கூட்டக் குறிப்பேட்டிலும் எழுதினார். கீழ்த்தளத்து மராத்திப் பள்ளியில் கேட்டுப் பார்ப்பதாகவும் சொன்னாராம். அதுவரை யாராவது வெளியிலிருந்து வந்தால் சந்தோஷம் என்றிருக்கிறார். வருகிற வியாழக்கிழமை நான் அரை நாள் லீவு போட்டிருக்கிறேன். கண்ணாடி டம்ளர் ஒன்று எடுத்து வைத்தாயிற்று.